சென்சார் மாடியில், ரவுட்டர் ஹாலில்: வானிலை நிலையம் வைஃபையில் சேராவிட்டால்

கேள்வி: ஆன்லைனில் வீட்டு வானிலை நிலையம் ஒன்று வாங்கினேன். காற்றுமானி, மழைமானி எல்லாம் மொட்டை மாடியில் பொருத்தியாகிவிட்டது. ஹாலில் வைத்த திரையில் வெப்பநிலையும் ஈரப்பதமும் ஒழுங்காக வருகின்றன. ஆனால் வைஃபையில் மட்டும் சேரவே மாட்டேன் என்கிறது. பாஸ்வேர்ட் சரிதான், பலமுறை பார்த்துவிட்டேன். பழுதான கருவி என்று திருப்பி அனுப்பிவிடலாமா?
தாம்பரம் வாசகர்

பதில்: அதற்குள் பெட்டியில் கட்டாதீர்கள். திரையில் வெப்பநிலை வருகிறது என்று நீங்களே சொல்கிறீர்களே, பாதி விடை அதிலேயே இருக்கிறது. மாடியில் உள்ள சென்சார் திரையோடு பேசுவது தனி ரேடியோ அலைவரிசையில். அதற்கும் வைஃபைக்கும் சம்பந்தம் கிடையாது. திரை உங்கள் ரவுட்டரோடு பேசுவது இரண்டாவது கட்டம். ரவுட்டரிலிருந்து கம்பெனி சர்வருக்குப் போவது மூன்றாவது. உங்கள் வீட்டில் முதல் கட்டம் நன்றாகவே ஓடுகிறது, சிக்கல் இரண்டாவதில்.

அதில் முதலில் சந்தேகப்பட வேண்டியது ரவுட்டரை. வானிலைக் கருவிகளில் பெரும்பாலானவற்றுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை மட்டும்தான் தெரியும். இப்போது ஃபைபர் இணைப்போடு வரும் ரவுட்டர்கள் 2.4, 5 இரண்டையும் ஒரே பெயரில் ஒளிபரப்புகின்றன. உங்கள் போன் 5-இல் இருக்கும், கருவி 2.4-இல் தேடும், இரண்டுக்கும் ஒத்துப்போகாது. ரவுட்டர் செட்டிங்ஸ் பக்கத்துக்குப் போய் (192.168.1.1 என்று அடித்தால் பலருக்குத் திறக்கும், ஜியோ ஃபைபரில் 192.168.29.1) இரண்டு அலைவரிசைக்கும் தனித்தனிப் பெயர் கொடுங்கள். பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ3 மட்டும் என்று இருந்தால் டபிள்யூபிஏ2-வுக்கு மாற்றுங்கள். பெயரிலும் பாஸ்வேர்டிலும் இடைவெளி, தமிழ் எழுத்து, விசித்திரக் குறியீடு எதுவும் வேண்டாம். வீட்டில் எல்லோருடைய போனையும் மறுபடி இணைக்க வேண்டுமே என்று அலுப்பாக இருந்தால், ரவுட்டரில் உள்ள கெஸ்ட் நெட்வொர்க்கை 2.4-இல் மட்டும் திறந்து கருவியை அதில் விடலாம். சர்வருக்குத் தகவல் போய்க்கொண்டிருக்கும். ஆனால் ஆப் வீட்டுக்குள்ளேயே நேரடியாகக் கருவியைத் தேடும் வகை என்றால், கெஸ்ட் நெட்வொர்க்கில் இருப்பதை அதனால் பார்க்க முடியாது.

அடுத்தது உங்கள் போன். இதில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். செட்டப் செய்யும்போது கருவி தானே ஒரு சின்ன வைஃபையை உருவாக்கும், போன் அதில் சேர வேண்டும். அந்த வைஃபையில் இன்டர்நெட் இருக்காது. ‘இதில் இன்டர்நெட் இல்லை’ என்று முடிவுகட்டி போன் சத்தமில்லாமல் மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும். ஆப்போ சுற்றிக்கொண்டே இருந்துவிட்டு, கடைசியில் ‘கனெக்‌ஷன் ஃபெயில்டு’ என்று காட்டும். ஆகவே மொபைல் டேட்டாவை அணையுங்கள், விபிஎன் இருந்தால் அதையும். ஆண்ட்ராய்டில் லொகேஷன் அனுமதி கொடுங்கள். ஐபோனில் அந்த ஆப்புக்கு லோக்கல் நெட்வொர்க் அனுமதி வேண்டும், முதல் தடவை கேட்டபோது ‘வேண்டாம்’ என்று தட்டியிருந்தால் செட்டிங்ஸில் போய்த்தான் மாற்ற முடியும்.

இதற்கும் மசியவில்லை என்றால் ஒரு சோதனை. வீட்டில் இன்னொரு போனை எடுத்து 2.4 கிகாஹெர்ட்ஸில் ஹாட்ஸ்பாட் போடுங்கள். ஐபோன் என்றால் ‘மேக்சிமைஸ் கம்பேட்டிபிலிட்டி’யை ஆன் செய்ய வேண்டும். கருவி அதில் சேர்ந்துவிட்டால் கருவி நன்றாக இருக்கிறது, ரவுட்டரைத்தான் சரிசெய்ய வேண்டும். அதிலும் சேரவில்லை என்றால் வீடியோ எடுத்துக்கொண்டு, திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் அனுப்பிவிடுங்கள். விற்றவர் இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ஆர்டர் ரசீதும் அந்த வீடியோவும் கையில் இருந்தால் பேச்சு சுலபமாக முடியும்.

கேள்வி: ஆறு மாதம் ஒழுங்காக ஓடிய நிலையம், இப்போது ஒவ்வொரு கரண்ட் கட்டுக்குப் பிறகும் ஆஃப்லைன் ஆகிவிடுகிறது. பிளக்கைப் பிடுங்கி மாட்டினால் சரியாகிறது. ஊருக்குப் போயிருக்கும்போது யார் பிடுங்கி மாட்டுவது?
தஞ்சாவூர் வாசகர்

பதில்: கரண்ட் வந்ததும் வானிலைக் கருவி சில நொடியில் எழுந்துவிடும். ரவுட்டர் முழுதாக எழுந்து நெட் பிடிக்கச் சில நிமிடம் ஆகும். அதற்குள் கருவி தேடிப் பார்த்துக் கைவிட்டுவிடுகிறது. நல்ல கருவி விடாமல் தேடும், சில மாடல்கள் அப்படிச் செய்வதில்லை. கருவியின் மென்பொருளுக்கு அப்டேட் வந்திருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ரவுட்டருக்கென்று விற்கும் மினி யுபிஎஸ் ஒன்று வாங்கி மாட்டுங்கள். வாங்குமுன் ரவுட்டர் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட், ஆம்பியரைப் படித்துக்கொள்ளுங்கள், 12 வோல்ட் என்று கண்ணை மூடிக்கொண்டு வாங்க வேண்டாம். ஃபைபர் பெட்டி தனி, ரவுட்டர் தனி என்று இருந்தால் இரண்டுக்கும் மின்சாரம் கொடுக்க வேண்டும். பெரிய இன்வெர்ட்டர் இருக்கும் வீட்டில் இந்தச் செலவே தேவையில்லை, ரவுட்டரையும் கருவியையும் அந்த லைனுக்கு மாற்றினால் போதும்.

ஆறு மாதம் ஓடியது இப்போது மட்டும் ஏன் என்றால், சேனலையும் (2.4-க்குள் ரவுட்டர் பயன்படுத்தும் உட்பிரிவு) பாருங்கள். ரவுட்டரில் சேனல் ‘ஆட்டோ’ என்று இருந்தால், ஒவ்வொரு முறை எழும்போதும் அதுவாக ஒன்றைத் தேர்ந்தெடுக்கும். 12 அல்லது 13-இல் போய் உட்கார்ந்தால் சில கருவிகளின் கண்ணுக்கே தெரியாது. 1, 6, 11 மூன்றில் ஒன்றை நிரந்தரமாக வைத்துவிடுங்கள்.

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் மகன் வரும்போது வானிலை நிலையம் வாங்கி வருகிறேன் என்கிறான். அங்கே விலை குறைவாம். வாங்கச் சொல்லலாமா?
கோயம்புத்தூர் வாசகர்

பதில்: வேண்டாம் என்பேன். அங்கே விற்கும் சென்சார்களில் பல 915 மெகாஹெர்ட்ஸில் பேசுபவை. அமெரிக்காவில் 902 முதல் 928 வரை பொதுப் பயன்பாட்டுக்குத் திறந்திருக்கிறது. இந்தியாவில் 890 முதல் 915 வரை மொபைல் சேவைக்கு உரியது, நம் போன்கள் டவருக்கு அனுப்புவது அதில்தான். இங்கே உரிமம் இல்லாமல் பயன்படுத்த 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் இருக்கிறது. ஆக, அந்தப் பெட்டி சட்டப்படியும் சரியில்லை, குறுக்கீட்டிலும் திணறும். பின்னால் மழைமானி மட்டும் பழுதாகி வேறு அலைவரிசையில் ஒன்று வாங்கினால் பழைய திரை அதைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. வாரண்டிக்கு யாரிடம் போவது என்பது அடுத்த தலைவலி. இங்கேயே வாங்குங்கள், கம்பியில்லா கருவிக்கு அரசு தரும் ஒப்புதலான இடிஏ சான்று இருக்கிறதா என்று விற்பவரிடம் கேளுங்கள்.

எங்கே வாங்கினாலும் இன்னொன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள்: கம்பெனி சர்வர் இல்லாமல் இது வேலை செய்யுமா? வானிலைக் கருவிகள் விற்கும் அக்யூரைட் நிறுவனம் 2019-இல், சென்சார் அளவுகளை இன்டர்நெட்டுக்கு அனுப்பும் தன் ஸ்மார்ட்ஹப் பெட்டிக்கான ஆதரவை நிறுத்தியபோது, சென்சார் நல்ல நிலையில் இருந்தவர்களும் புதுப் பெட்டி வாங்க வேண்டியதாயிற்று. வீட்டு நெட்வொர்க்கிலேயே அளவுகளைக் காட்டும் கருவிக்குக் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம். ரவுட்டருக்குக் கேபிள் இழுக்கும் வசதியும் இருந்தால் மேலே எழுதிய வைஃபை தொல்லையில் முக்கால்வாசி இல்லை.

கேள்வி: கருவியின் ஆப்பில் எல்லாம் வருகிறது. வீட்டு நிலையங்களின் அளவுகளைப் பகிரும் வெதர் அண்டர்கிரவுண்ட் தளத்தில் மட்டும் என் நிலையம் ஆஃப்லைன் என்றே காட்டுகிறது.
புதுச்சேரி வாசகர்

பதில்: அங்கே நீங்கள் நுழையும் பாஸ்வேர்டைக் கருவியில் போட்டிருப்பீர்கள். அது வேறு, நிலையத்துக்கென்று தளம் தரும் ரகசியக் குறியீடான கீ வேறு. தளத்தில் ‘மை டிவைசஸ்’ பக்கத்தில் நிலையத்தின் ஐடியும் கீயும் இருக்கும், இரண்டையும் காப்பி செய்து ஒட்டுங்கள். கையால் அடித்தால் பூஜ்யமும் ஓ எழுத்தும் குழம்பும்.

இணைந்த பிறகு, ‘என் மழை அளவும் வானிலை மையம் சொல்வதும் ஒத்துப்போகவில்லை’ என்று அடுத்த கடிதம் எழுதிவிடாதீர்கள். உங்கள் கருவியின் நாள் பொதுவாக நள்ளிரவில் தொடங்குகிறது, இந்திய வானிலை ஆய்வுத் துறையின் மழைக் கணக்கு காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை.