தலைமைப் பொறுப்புக்குப் புதிதாக வருபவருக்கு வழிகாட்டி என்று ஒருவர் தேவையா? பயிற்சி வகுப்பும் யூடியூப்பும் போதாதா?

கேள்வி கேட்ட தங்கை, உங்கள் ஊர் மகளிர் குழுக் கூட்டமைப்புக்குத் தலைவியாகி மூன்று மாதம் ஆகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். கூடவே "பழைய ஆட்களோட அட்வைஸ் எதுக்கு" என்று ஒரு வரி. அந்த வரிதான் என்னை எழுத உட்கார வைத்தது. அங்கே கணக்கு எழுத ஒருவர் இருப்பார், அவர் விரல் வைத்துக் காட்டும் இடத்தில் நீங்கள் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருப்பீர்கள். நான் அப்படித்தான் இருந்தேன்.

மதுரை மாவட்டத்தில் ஒரு சின்ன ஊராட்சிக்கு ஐந்து வருஷம் தலைவராக இருந்தேன். 2020 ஜனவரி 6 பதவியேற்பு. அதற்கு முந்தைய மூன்று வருஷத்துக்கு மேல் எங்கேயும் தலைவர்கள் கிடையாது, தேர்தல் நடக்காததால் அரசு அதிகாரியே நிர்வாகத்தைப் பார்க்கும் தனி அலுவலர் ஆட்சி. ஆகவே எந்தப் பீரோவில் எந்த நோட்டு இருக்கிறது என்பதே ஊராட்சிச் செயலருக்கு மட்டும்தான் தெரியும். இருபதாவது நாள் குடியரசு தின கிராம சபை. பயிற்சியெல்லாம் அதற்கு அப்புறம்தான் வந்தது. வந்த பயிற்சியிலும் பாதி நேரம் ஊராட்சிகள் சட்டத்தின் பிரிவு 205, அதாவது தலைவரை எப்படிப் பதவியிலிருந்து நீக்குவார்கள் என்பது!

எங்கள் மக்கள்தொகைக்குக் கிராம சபையில் 100 பேராவது இருக்க வேண்டும். நூறு நாள் வேலை ஆட்கள் வந்துவிட்டதால் கூட்டம் சேர்ந்துவிட்டது. முடிந்ததும் செயலர் தீர்மான நோட்டை நீட்டினார். பக்கம் காலி. "அப்புறம் எழுதிக்கிறேம்மா, நீங்க போடுங்க" என்றார். போட்டேன்.

அன்று சாயங்காலம் பெரியம்மா வந்தார். சொந்தப் பெரியம்மா இல்லை. 1996 தேர்தலில் எங்கள் ஊராட்சி பட்டியலினப் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டபோது ஜெயித்து, ஐந்து வருஷம் தலைவராக இருந்தவர். அவர் கையெழுத்துக்காக என் மாமனார் நின்றிருக்கிறார், ஆனால் அவரை வீட்டுக்குள் கூப்பிட்டதில்லை. நான் பெரியம்மா என்று கூப்பிட்டதே வீட்டில் ஒரு வாரம் பேச்சாகக் கிடந்தது.

திண்ணையோடு நின்றுகொண்டு, "தாயி, இன்னைக்கு எத்தனை தீர்மானம் போட்டீக?" என்று கேட்டார்.

"நாலு."

"நோட்டுல எத்தனை இருக்கு?"

மறுநாள் போய்ப் பார்த்தேன். ஏழு. கூடுதலாக வந்த மூன்றில் ஒன்று, தனி அலுவலர் காலத்தில் ஆழ்துளைக் கிணற்று மோட்டாரை ரிப்பேர் பார்த்த செலவுக்கு ஒப்புதல். கீழே என் கையெழுத்து, அழகாக.

பெரியம்மா திட்டவில்லை. செயலரோடு சண்டை போடவும் சொல்லவில்லை. "அந்த மோட்டாரக் கழட்டுனத ஊர்ல யாராச்சும் பாத்தாகளான்னு விசாரிங்க" என்றார். ஒருவரும் பார்க்கவில்லை. அப்புறம் ஒரு தாளை வாங்கி நாலு வரி கிறுக்கி, கடைசி வரிக்குக் கீழே அடிக்குச்சி வைத்து ஒரு கோடு போட்டார். "இந்தக் கோட்ட ஒட்டிக் கையெழுத்து. நடுவுல எறும்பு போக எடம் இருக்கக் கூடாது." எனக்குத் தெரிந்து எந்தக் கையேட்டிலும் இது இல்லை.

நீங்கள் கேட்கலாம், இப்போது எல்லாம் கம்ப்யூட்டர்தானே, பழைய ஆளுக்கு அதில் என்ன தெரியும் என்று. நியாயம்தான். பெரியம்மாவுக்குச் செல்போனில் பச்சைப் பட்டன், சிவப்புப் பட்டன் மட்டும் தெரியும். மத்திய நிதிக்குழு ஊராட்சிக்குத் தரும் பணத்துக்கு டிஜிட்டல் கையெழுத்து வந்தபோது, டாங்கிள் என்று பென் டிரைவ் மாதிரி ஒன்று கொடுத்திருக்கிறார்கள், அதைச் செருகினால் பில் பாஸாகும் என்று பெருமையாக விளக்கினேன். எல்லாம் கேட்டுவிட்டு, "அது இப்ப எங்க இருக்கு தாயி?" என்றார்.

ஆபீசில், செயலரின் மேஜை டிராயரில். பாஸ்வேர்டு அதன் மேலேயே ஒரு சீட்டில் ஒட்டியிருந்தது. அன்றைக்கே போய் எடுத்து வந்து, பாஸ்வேர்டை மாற்றி, தாலிச் சரடோடு கோத்துக்கொள்ளாத குறையாக வைத்துக்கொண்டேன்.

எல்லாச் செயலர்களும் இப்படி என்று சொல்லவில்லை. என் தாய்மாமன் மகனே செயலர்தான், நேர்மையானவன். எல்லாப் பழைய தலைவர்களும் பெரியம்மா மாதிரி என்றும் சொல்லவில்லை. வழிகாட்டுகிறேன் என்று சொல்லி கான்ட்ராக்டரைக் கையோடு கூட்டி வந்தவர்களும் உண்டு.

பெரியம்மாவுக்கு யார் சொல்லிக் கொடுத்தது என்று ஒரு நாள் கேட்டேன். யாரும் இல்லையாம். 1997-ல் பக்கத்து மேலவளவில் பட்டியலின ஊராட்சித் தலைவர் முருகேசனை, அவர் வந்த பஸ்ஸை நிறுத்தி வெட்டிக் கொன்ற பிறகு, ஒன்றிய ஆபீசுக்குத் தனியாகப் போகவே ஆறு மாதம் பயந்தாராம். அண்ணன் மகன் சைக்கிளில் கூடவே வருவானாம். அதற்கு மேல் அவர் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.



சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். பயிற்சிக்குப் போங்கள், யூடியூப் பாருங்கள். அதற்கு முன்னால் இன்றைக்கே உங்கள் கூட்டமைப்புத் தீர்மான நோட்டை எடுத்து, கடைசி வரிக்கும் உங்கள் கையெழுத்துக்கும் நடுவில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று பாருங்கள். உங்களுக்கு முன்னால் தலைவியாக இருந்தவர் ஊரில்தானே இருப்பார்? ஒரு டீ போட்டுக் கொடுத்துவிட்டு நோட்டை அவர் முன்னால் விரித்து வையுங்கள்.

அடுத்த தேர்தலில் நிற்கிறேன் என்று எங்கள் ஊரில் ஒரு பெண் இப்போது என்னிடம் வருகிறாள். போன வாரம் ஒன்றரை மணி நேரம் பேசி அனுப்பினேன். பெரியம்மா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார், இப்போதெல்லாம் வீட்டுக்குள் நாற்காலியில்தான். அவள் போனதும், "அந்தப் புள்ள என்ன கேக்க வந்துச்சு?" என்றார். யோசித்துப் பார்த்தேன், அவளைப் பேச விட்டதாகவே ஞாபகம் இல்லை.