பேர் தெரியாத அத்தை (கடிதமும் பதிலும்)

அன்புள்ள அக்கா,

உங்க தாத்தா வீட்டு குரூப் போட்டோ பத்தி போன மாசம் எழுதியிருந்தீங்கல்ல, அப்பாவையும் சேர்த்து எட்டு பிள்ளைங்க, யார் யார் எங்க நிக்கிறாங்கன்னு. அதைப் படிச்ச ராத்திரி தூக்கம் வரல, அதான் எழுதறேன்.

எங்க அப்பா போன வருஷம் தவறிட்டார். அவர் கூடப் பிறந்தவங்க ஆறு பேர்னு சொல்லித்தான் எங்களை வளர்த்தாங்க. பீரோவை ஒழிக்கும்போது பழைய எல்ஐசி பாலிசி கவருக்குள்ள ஒரு ப்ரபோசல் ஃபாரம் கிடைச்சுது, 1976-ல பென்சில்ல ரஃப்பா எழுதிப் பார்த்தது. அதுல குடும்பத்துல உயிரோட இருக்கறவங்க யாரு, இறந்தவங்க யாருன்னு ஒரு கட்டம். இறந்த சகோதரிங்கற இடத்துல அப்பா கையெழுத்துல ‘1 – வயது 11 – 1962 – காய்ச்சல்’. அவ்வளவுதான். பேர் இல்ல. அந்த ஃபாரத்துல பேர் கேக்கவே இல்ல.

அம்மாகிட்ட கேட்டா “நான் வாக்கப்பட்டு வந்ததே 1977-ல, எனக்கு யாரும் சொல்லல, போனவங்களைக் கிளறாத”ங்கறாங்க. சித்தப்பா 1960-ல பிறந்தவர், அவருக்கும் தெரியல. பெரியத்தை ஒருத்தங்க ராஜபாளையத்துல இருக்காங்க, 80 தாண்டிடுச்சு. அவங்ககிட்ட கேக்கலாமா? மனசு நோகுமா? ஒரே ஒரு வரியை வச்சுக்கிட்டு ஒருத்தரைப் பத்தி என்னதான் தெரிஞ்சுக்க முடியும்?

பேர் வேண்டாம்,
மதுரை

---

அன்புள்ள தம்பிக்கு,

முதல்ல என் பக்கத்துத் தப்பைச் சொல்லிடறேன். எட்டு பிள்ளைங்கன்னு நான் எழுதினது தப்பு. பதினொண்ணு. இதுல வெக்கக்கேடு என்னன்னா எனக்கு அது முப்பது வருஷத்துக்கு மேலா தெரியும், தெரிஞ்சே எட்டுன்னு எழுதியிருக்கேன், எழுதும்போது கை கூசக்கூட இல்ல. போட்டோல எட்டு பேர் நிக்கிறாங்க, எண்ணினேன், எழுதிட்டேன். உங்க மெயில் வந்தப்பறம்தான் சுருக்குன்னுச்சு.

எனக்கு எப்படித் தெரியும்னா, 1991 சென்சஸ். பிப்ரவரி மாசம், பக்கத்து ஊர் ஸ்கூல் டீச்சர் ஒருத்தங்க பெரிய பெரிய தாளா எடுத்துக்கிட்டு திண்ணையில வந்து உக்காந்தாங்க. நான் அப்ப பத்தாவது, மோர் கொண்டுபோய் கொடுத்துட்டு அங்கயே நின்னுட்டேன். சென்சஸ்ல கல்யாணம் ஆன பொம்பளைங்ககிட்ட மட்டும் ரெண்டு கேள்வி உண்டு, இப்ப உயிரோட இருக்குற பிள்ளைங்க எத்தனை, மொத்தம் உயிரோட பெத்தது எத்தனைன்னு. அப்பா பேப்பர்ல இருந்து தலையைத் தூக்காமலே “எட்டு, எட்டுன்னு போட்டுக்குங்க டீச்சர்”னார். எங்கப்பாவைப் பெத்த ஆச்சி, வெத்தலைய இடிச்சுக்கிட்டிருந்தவ உலக்கையை அப்படியே நிறுத்திட்டு “பெத்தவ நானா நீயாடே?”ன்னா. அப்புறம் டீச்சரைப் பாத்து, “பதினொண்ணு எழுதும்மா”.

அப்பா முகத்தை நான் அன்னைக்குத்தான் அப்படிப் பாத்தேன். நாப்பத்தி நாலு வயசு ஆளு, தனக்கு மேல ஒரு அக்கா இருந்துச்சுன்னு ஒரு சர்க்கார் தாளுக்கு ஆச்சி பதில் சொன்னப்ப தெரிஞ்சுக்கறார். டீச்சர் அடுத்த கேள்விக்குப் போயிட்டாங்க, அவங்களுக்கு இன்னும் இருபது வீடு பாக்கி. ஆச்சி போகல. விரல் கணுவுல ஒண்ணொண்ணா எண்ணிக்கிட்டே வந்து மூணாவது கணுவுல பெருவிரலை வச்சுக்கிட்டு “வடிவு”ன்னா.

இங்க ஒண்ணு சொல்லணும். எங்க வீட்டுல ஒரு சின்னப் பித்தளைச் செம்பு உண்டு, உள்ளங்கைக்குள்ள அடங்கும், கழுத்துல ஒரு நெளிசல், அதுக்குப் பேரே வடிவுச்செம்புதான். “அந்த வடிவுச்செம்புல தண்ணி மொண்டு வா”, “வடிவுச்செம்பை யாரு தொட்டியில போட்டது”ன்னு நாளுக்குப் பத்து தடவை சொல்லுவோம். திருநெல்வேலிப் பக்கம் வடிவா இருக்குன்னா அழகா இருக்குன்னு அர்த்தம், செம்பு பாக்க லட்சணமா இருக்கும், அதனால அந்தப் பேருன்னு நாங்க எல்லாரும் நினைச்சுக்கிட்டிருந்தோம், எங்கப்பா உட்பட. அது வடிவோட செம்பு. சண்முகவடிவுன்னு ஒரு பிள்ளை, அந்தச் செம்புலதான் பால் குடிக்கும், வேற எதுல கொடுத்தாலும் தட்டி விட்டுருமாம். நாலு வயசுல அம்மை போட்டுப் போயிடுச்சு. ஆச்சி “பெரியம்மை”ன்னு சொல்ல மாட்டா, “ஆத்தா அழைச்சுக்கிட்டா”ம்பா. ஆத்தா அழைச்ச பிள்ளைக்கு அழக்கூடாதுன்னு மாமியார் சொல்லிட்டாங்களாம், வயித்துல வேற அடுத்தது இருந்துச்சாம். சரின்னு அழல, பேரையும் சொல்லல, செம்பை மட்டும் அந்தப் பேர் சொல்லியே கூப்பிட்டிருக்கா. கேட்டுக் கேட்டு நாங்களும் கூப்பிட்டோம். நாப்பது வருஷத்துக்கு மேல ஒரு வீடு முழுக்க அந்தப் பிள்ளை பேரைச் சொல்லிக்கிட்டே இருந்திருக்கு, சொல்றோம்னு ஆச்சிக்கு மட்டும் தெரியும்.

(அந்த அடுத்ததும் தங்கல. பத்தாம் நாளோ பன்னெண்டாம் நாளோ, பேரே வைக்கல. அதுக்கப்புறம் பிறந்தவர்தான் எங்க பிச்சையா சித்தப்பா.)

நீங்க ஒரு வரிதான் இருக்குன்னு எழுதியிருக்கீங்க. எனக்கென்னவோ அந்த ஒரு வரியை விட்டுட்டு வீட்டுப் பேச்சுக்குள்ள தேடறதுதான் சரின்னு படுது. நம்ம பக்கம் வரிசையா பிள்ளை தவறினா அடுத்ததுக்கு நல்ல பேரா வைக்க மாட்டாங்க, எமன் கண்ணு படக்கூடாதுன்னு பிச்சை, குப்பை, மூக்கன், மூக்காயின்னு வைப்பாங்க. குப்பைமேட்டுல புரட்டி எடுத்தா குப்புசாமி, குப்பம்மா. மூக்கு குத்தினா மூக்கன். எங்க சித்தப்பாவுக்கு இன்னைக்கும் வலது மூக்குல பொட்டு மாதிரி ஒரு தழும்பு இருக்கு, சின்ன வயசுல கீழ விழுந்ததுன்னு எங்ககிட்ட கதை விட்டுக்கிட்டிருந்தார். பக்கத்து வீட்டுக்காரிகிட்ட பிள்ளையைக் கொடுத்துட்டு, ஒரு மொறம் தவிட்டைக் கொடுத்துத் திருப்பி வாங்கிக்கறதும் உண்டு, பெத்ததுன்னா எடுத்துக்குவான், வாங்கினதுன்னா விட்டுருவான்னு ஒரு கணக்கு. “உன்னைத் தவிட்டுக்குத்தாண்டா வாங்கினோம்”னு நம்ம எல்லாரையும் சின்ன வயசுல அழ விட்டிருப்பாங்கல்ல, அந்த விளையாட்டுப் பேச்சு இங்கிருந்து வந்ததுதான். உங்க அப்பா கூடப் பிறந்தவங்க பேரை எல்லாம் வரிசையா ஒரு தாள்ல எழுதிப் பாருங்க, அதுல ஒரு பிச்சையோ தவிட்டானோ இருந்தா அவங்களுக்கு மேல யாரோ இருந்து போயிருக்கறதுக்கு நிறைய சான்ஸ் இருக்கு. அதாவது உங்க அத்தை ஒருத்திதான்னுகூட நீங்க முடிவு பண்ணிட வேண்டாம். 1951 வாக்குல இந்தியாவுல பிறந்த 1000 குழந்தைக்கு 146 குழந்தை ஒரு வயசைத் தாண்டல.

பேர் உதவலைன்னா பிறந்த வருஷத்தைப் பாருங்க. கணித மேதை ராமானுஜன் பிறந்தது 1887, நமக்குத் தெரிஞ்ச அவர் தம்பி லட்சுமி நரசிம்மன் பிறந்தது 1898. நடுவுல பதினோரு வருஷம். அந்தக் காலத்துக் குடும்பத்துல அந்த இடைவெளி சும்மா வராது. சடகோபன்னு ஒரு தம்பி மூணு மாசம்கூட இருக்கல, அப்புறம் 1891-லயும் 1894-லயும் பிறந்த ரெண்டும் ஒரு வயசைப் பாக்கல. ராமானுஜனுக்கே ரெண்டு வயசுல பெரியம்மை வந்து பிழைச்சார். உலகமே தேடித் தேடி வரலாறு எழுதின வீடுங்கறதால சடகோபன் பேர் நமக்குத் தெரியுது. உங்க வீட்டுக்கும் என் வீட்டுக்கும் அப்படி யார் வரப்போறா.

இதைப் பத்தி வீட்டுல ஏன் பேச மாட்டேங்கறாங்கன்னு உங்களுக்கு வருத்தமா இருக்கும். பாசம் இல்லாம இல்ல தம்பி. நம்ம முறையில செத்தவங்களை நினைக்கறதுக்குன்னு இருக்குற ஏற்பாடு திவசம்தான், சின்னப் பிள்ளைக்கு அது கிடையாது, எரிக்கிற ஜாதியிலகூட குழந்தையைப் புதைச்சுட்டு வந்துருவாங்க. வருஷத்துல ஒரு நாள்கூட இல்லைன்னா எப்படித்தான் பேர் நிக்கும்.

ஆனா உங்க அத்தை விஷயம் கொஞ்சம் வேற. 11 வயசு பொண்ணு. தெக்குச் சீமையில நிறைய வீட்டுல கல்யாணம் ஆகாமப் போன பொண்ணைக் கன்னின்னு வீட்டுச்சாமியா கும்பிடுவாங்க. ஒரு ஓலைப்பெட்டியில புதுப் பாவாடை சட்டை, கண்ணாடி வளையல், சாந்து, சீப்பு எல்லாம் வச்சு மூடி உத்தரத்துல கட்டித் தொங்க விட்டுருவாங்க, வருஷத்துக்கு ஒரு தடவை இறக்கிப் பொங்கல் வச்சு, பழைய பாவாடையை வீட்டுல ஒரு சின்னப் பொண்ணுக்குக் கொடுத்துட்டுப் புதுசு வைப்பாங்க. எங்க அம்மா பிறந்த வீட்டுல இது உண்டு. ஜவுளிக்கடையில அந்த வீட்டு ஆச்சி பாவாடை எடுக்கும்போது கடைக்காரர் “பிள்ளைக்கு எத்தனை வயசு”ன்னு கேப்பார், ஒவ்வொரு வருஷமும் “ஒம்பது”ன்னுதான் பதில். எனக்கே ரெண்டு தடவை அந்தப் பாவாடை வந்துச்சு, மூணாவது வருஷம் எனக்குப் பத்தல, அதுக்குப் பத்திச்சு. உங்க பூர்வீக வீட்டுல அப்படி ஒரு பெட்டி தொங்குச்சா, நல்லா யோசிச்சுப் பாருங்க. தங்கச்சி இருந்தா அவங்களையும் கேளுங்க, பாவாடை அவங்களுக்குத்தான் போயிருக்கும்.

எழுத்துல வேணும்னா ரெண்டு இடம் இருக்கு. ஒண்ணு ஊர் ஆரம்பப் பள்ளிக்கூடம், சேர்க்கைப் பதிவேட்டை அழிக்க மாட்டாங்க, நிரந்தரமா வச்சிருக்கணும்னு ரூல். 1951-ல பிறந்தவங்கன்னா 1956 இல்ல 57-ல ஒண்ணாவதுல சேர்த்திருக்கணும், சேர்த்திருந்தா. காமராஜர் மதிய உணவு ஆரம்பிச்ச சமயம், சாப்பாட்டுக்காகவாவது அனுப்பியிருப்பாங்க. ஹெட்மாஸ்டர்கிட்ட தாத்தா பேரைச் சொல்லித் தேடச் சொல்லுங்க. இன்னொண்ணு கிராம முன்சீப் (அந்தக் காலத்து ஊர் அதிகாரி) எழுதின இறப்புக் கணக்கு. முன்சீப் வேலையையே 1980-ல எடுத்துட்டாங்க, பழைய கணக்கெல்லாம் தாலுகா ஆபீஸ் பக்கம் போச்சு, கரையான் விட்டு வச்சிருந்தா கிடைக்கும். பிறப்புக் கணக்குல நிறைய இடத்துல ‘பெண் குழந்தை’ன்னு மட்டும்தான் இருக்கும், இறப்புல 11 வயசுன்னா பேர் எழுதியிருக்க வாய்ப்பு உண்டு. இதெல்லாம் அலைச்சல்தான். நான் இதுவரைக்கும் போனதில்ல, வடிவுக்காகப் போயிருக்கணும், போகல.

பெரியத்தைகிட்ட கேக்கலாமான்னா, கேளுங்க. சீக்கிரமா கேளுங்க. மனசு நோகுமான்னு கேட்டா கொஞ்சம் நோகும்தான், ஆனா ஆச்சியை நான் பாத்தவரைக்கும் சொல்றேன், சென்சஸ் எடுத்த அன்னைக்கு ராத்திரி அவ ரெண்டு வாய் சோறு கூடத்தான் சாப்பிட்டா. போன்ல கேக்காதீங்க, காது வேற கேக்காது, பக்கத்துல மகனோ மருமகளோ “அதெல்லாம் எதுக்கு இப்ப”ன்னு பிடுங்கிருவாங்க. நேர்ல போங்க. போனதும் அந்த எல்ஐசி தாளை நீட்டிடாதீங்க. “செத்துப்போன அத்தை எப்படி”ன்னு ஆரம்பிச்சாலும் ஒண்ணும் வராது, “நல்ல பிள்ளை”ன்னு ஒரு வார்த்தையோட முடிஞ்சிரும். “நீங்க எல்லாரும் சின்னப்பிள்ளையில ராத்திரி எங்க படுப்பீங்க, யாரு பக்கத்துல யாரு”ன்னு கேளுங்க. பாயில படுத்த வரிசை யாருக்கும் மறக்காது. அவங்க வயசைப் பாத்தா அந்தப் பொண்ணுக்கு மூத்தவங்க, ஒரே போர்வையில படுத்திருக்கலாம். வரிசை சொல்லிக்கிட்டே வரும்போது பேர் தானா வந்து விழும், விழுந்ததும் நீங்க எதுவும் கேக்காம உக்காந்திருங்க.

வடிவுச்செம்பு இப்ப எங்க அண்ணன் வீட்டுல இருக்கு, அண்ணி அதுல கோலமாவு போட்டு வச்சிருக்காங்க. நேத்து போன் பண்ணி அது யாரோடதுன்னு சொன்னேன். “அய்யோ, நான் அதைப் போன வாரம் பழைய பாத்திரத்துக்குப் போடறதா இருந்தேனே”ன்னாங்க. அண்ணன் பொண்ணு கூட நின்னு கேட்டுக்கிட்டிருந்திருக்கா, அவளுக்கு ஏழு வயசு, போனைப் பிடுங்கி “அத்தை, அந்தப் பாப்பா எங்க?”ன்னு கேட்டா. அவளுக்கு என்ன சொல்றதுன்னு எனக்கு இன்னும் தெரியல.

பேர் கிடைச்சா ஒரு வரி எழுதிப் போடுங்க.

அன்புடன்,
அக்கா