‘சாப்பிட்டாச்சா?’ என்று ஸ்பானிஷில் கேட்க

கேள்வி: காரைக்குடிப் பக்கம் பழைய செட்டிநாட்டு வீடு ஒன்றில் நடக்கும் விடுதியில் வரவேற்பில் வேலை பார்க்கிறேன். ஸ்பெயின்காரர்கள் வருவதால் ஆப் வைத்து ஸ்பானிஷ் படிக்கிறேன். ‘எ கோமிதோ’ (சாப்பிட்டிருக்கிறேன்) மாதிரி வாக்கியங்களை எழுதிவிடுகிறேன். பேசும்போது மட்டும் ‘கோமீ’ (சாப்பிட்டேன்) என்றே வருகிறது. எப்படிப் பழகுவது?

பதில்: முதலில் அட்டவணையை மூடி வையுங்கள். ‘எ கோமிதோ’வில் வரும் ‘எ’ ஆளுக்கு ஏற்ப மாறும்; எ, அஸ், அ, எமோஸ், அபேய்ஸ், அன் என்று அதன் ஆறு வடிவங்களையும் மளமளவென ஒப்பிப்பவர்கள்கூட ஆள் எதிரே நின்றால் திணறுவார்கள். விருந்தினரிடம் மரியாதையாகப் பேச உங்களுக்கு இப்போதைக்கு மூன்று போதும்: உங்களைப் பற்றிச் சொல்ல ‘எ’, எதிரில் ஒருவர் என்றால் ‘அ’, பலர் என்றால் ‘அன்’.

காலையில் வளவுக்கு (உள்முற்றத்துக்கு) வருகிறவர்களிடம் ‘யா அன் தெசயுனாதோ?’ என்று கேளுங்கள். காலைப் பலகாரம் ஆச்சா என்று அர்த்தம். அப்புறம் ‘அன் எஸ்தாதோ என் ஆத்தங்குடி?’, ஆத்தங்குடிக்குப் போயிருக்கிறீர்களா? ‘தொதாபியா நோ’, இன்னும் இல்லை என்று பதில் வந்தால் டைல்ஸ் செய்யும் இடத்துக்கு வழி சொல்ல ஒரு சாக்கு கிடைத்தது. கடைசி ‘தோ’வை அழுத்தாதீர்கள், நம் ‘அதோ’வில் வரும் மெல்லிய ‘தோ’தான்.

இரவில், அன்று செய்த வேலைகளை வாய்விட்டுச் சொல்லுங்கள். ‘ஒய் எ லபாதோ எல் பாத்தியோ’, இன்று முற்றம் கழுவியிருக்கிறேன். ‘ஒய் எ அபியெர்த்தோ லா புவெர்த்தா’, கதவு திறந்திருக்கிறேன். மறுநாள் காலை அதே வேலைகளை ‘அயேர்’ (நேற்று) போட்டுச் சொல்லுங்கள்: ‘அயேர் லபே எல் பாத்தியோ’, ‘அயேர் அப்ரீ லா புவெர்த்தா’. ஸ்பெயினில் பொதுவாக இன்றைய காரியத்துக்கு ‘எ’, நேற்றையதற்கு ‘கோமீ’, ‘லபே’ மாதிரி வடிவம். இந்த மாற்றம் நாக்கில் ஏறிவிட்டால் பாதி வேலை முடிந்தது. அபியெர்த்தோ (திறந்து), எச்சோ (செய்து), திச்சோ (சொல்லி), பிஸ்தோ (பார்த்து), புவெஸ்தோ (வைத்து) போன்ற ஒழுங்கில்லாத வடிவங்களையும் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டாம். கதவும் படுக்கையும் சாப்பாட்டு மேசையுமே கற்றுக்கொடுத்துவிடும்.

‘எ’வுக்கும் ‘கோமிதோ’வுக்கும் நடுவில் எதையும் நுழைக்காதீர்கள். ‘யா எ கோமிதோ’ சரி, ‘எ யா கோமிதோ’ தப்பு. பெண் பேசினாலும் ‘கோமிதா’ ஆகாது.

பள்ளி ஆங்கிலம் கெடுக்கும் இடம் ஒன்று உண்டு. ‘இங்கே மூணு வருஷமா வேலை பார்க்கிறேன்’ என்பதற்கு ‘எ’ போடத் தோன்றும். தேவையில்லை. தமிழைப் போலவே நிகழ்காலம்தான்: ‘த்ரபாஹோ அக்கீ தெஸ்தே அசே த்ரேஸ் அஞோஸ்.’

மெக்சிகோக்காரர் யாராவது வந்து ‘ஒய் கோமீ’ என்று சொன்னால் குழம்ப வேண்டாம். லத்தீன் அமெரிக்காவின் பெரும்பகுதியில் இன்றைக்கு நடந்ததையும் அப்படித்தான் சொல்வார்கள். நீங்கள் ‘எ கோமிதோ’ என்றாலும் அவர்களுக்குப் புரியும்.