ஜென் கானுக்குப் புறப்படும் முன் ஒரு சனிக்கிழமை

கேள்வி: நாங்கள் சிகாகோ பக்கம் நேப்பர்வில்லில் இருக்கிறோம். நானும் கணவரும் இரண்டு நண்பர்களும் இந்தக் கோடையில் இண்டியானாபோலிஸில் நடக்கும் ஜென் கான் என்ற மேசை விளையாட்டு மாநாட்டுக்குக் காரில் போகிறோம். 'டிக்கெட் டு ரைட்', 'பேண்டமிக்' என்று இரண்டு பலகை ஆட்டங்களை நடத்தப் பெயர் கொடுத்திருந்தோம். தலா இரண்டு மணி நேரம் கிடைத்துவிட்டது. வீட்டில் ஆடியிருக்கிறோமே தவிர, முன்பின் தெரியாதவர்களை உட்காரவைத்து நடத்திப் பழக்கமில்லை. போன முறை பார்வையாளர்களாகப் போனபோது சாப்பாட்டுச் செலவு கையைக் கடித்தது. நாங்கள் சைவம் வேறு. இந்த முறை மளிகையை ஆன்லைனில் ஆர்டர் செய்து, போகிற வழியில் கடை வாசலில் வாங்கிக்கொள்ளலாமா? அப்படி இதுவரை வாங்கியதே இல்லை. இரண்டுக்கும் எப்படித் திட்டமிடுவது?
– ஒரு வாசகி, நேப்பர்வில், இல்லினாய்

பதில்: அன்புத் தோழிக்கு, தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் இரண்டையும் முதல் முறையாக இண்டியானாபோலிஸில் போய்ச் செய்யாதீர்கள். புறப்பட இரண்டு வாரம் இருக்கும்போதே ஒரு சனிக்கிழமையை ஒதுக்குங்கள். காலையில் வீட்டுக்குப் பக்கத்துக் கடையில் ஒரு சின்ன பிக்கப் ஆர்டர். மாலையில், இந்த ஆட்டங்களைத் தொட்டே பார்க்காத நாலு பேரை வீட்டுக்குக் கூப்பிட்டு, கடிகாரம் வைத்து ஒரு ஒத்திகை. காலையில் வாங்கியதையே அவர்களுக்குக் கொறிக்கக் கொடுங்கள்.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், கூட்டம் அப்படி. 1968-ல் ஆட்ட வடிவமைப்பாளர் கேரி கைகாக்ஸ் விஸ்கான்சினின் லேக் ஜெனீவாவில் ஒரு சிறு மண்டபத்தில் தொடங்கியது ஜென் கான். 2003 முதல் இண்டியானாபோலிஸில் நடக்கிறது. இப்போது நான்கு நாளில் எழுபதாயிரம் பேருக்கு மேல் வருகிறார்கள். அந்த நெரிசலில் நின்றுகொண்டு ஆப்பையும் விதிப் புத்தகத்தையும் புரட்ட முடியாது.

முதலில் மளிகை. வால்மார்ட், க்ரோகர், மையர் எல்லாவற்றிலும் முறை ஏறக்குறைய ஒன்றுதான். ஆப்பில் பொருளைத் தேர்ந்தெடுத்து, வந்து எடுக்கும் நேரத்தைக் குறித்துப் பணம் கட்டுகிறோம். கிளம்பியதும் ஆப்பில் சொல்லிவிட்டு, அங்கே போனதும் பார்க்கிங் இடத்தின் எண்ணைத் தட்டினால் கடைக்காரர்கள் கொண்டுவந்து டிக்கியில் வைத்துவிடுகிறார்கள். வால்மார்ட்டில் 35 டாலருக்குக் குறைந்தால் தனிக் கட்டணம் உண்டு. நான்கு பேருக்கு நான்கு நாள் என்றால் அந்தக் கவலை உங்களுக்கு வராது.

கவனிக்க வேண்டியது, எந்தக் கிளை என்பது. ஆப் உங்கள் நேப்பர்வில் கடையையே நினைவில் வைத்திருக்கும். மாற்றாமல் ஆர்டர் போட்டால் நீங்கள் இண்டியானாவில் நிற்பீர்கள், பால் இல்லினாயில் நிற்கும். ஊருக்குள் இருக்கும் கடையும் வேண்டாம். ஐ-65 சாலையில் நகரத்துக்கு முன்னாலேயே வரும் லெபனான் என்ற ஊர்ப் பக்கம் ஒரு கிளையைப் பிடியுங்கள். டவுன்டவுன் நெரிசலுக்குள் நுழையும் முன் வேலை முடிந்துவிடும்.

அப்புறம் நேரம். சிகாகோவும் இண்டியானாபோலிஸும் ஒரே நேர மண்டலம் இல்லை. வழியிலேயே ஒரு மணி நேரம் கையை விட்டுப் போய்விடும். காலை 10 மணிக்குக் கிளம்பி மூன்று மணி நேரம் ஓட்டினால் அங்கே மணி 2. கடை காட்டும் நேரம் அந்த ஊர் நேரம் என்பதால், நீங்கள் போகும் நாளில் மாலை 3 முதல் 4 வரை என்று குறித்தால் நிதானமாகப் போகலாம்.

சைவம் என்று சொன்னதால், மாற்றுப் பொருள் விஷயத்தில் நீங்கள் கண்டிப்பாக இருக்க வேண்டும். கேட்டது இல்லையென்றால் கடையில் அதற்குப் பக்கத்தில் இருப்பதை எடுத்து வைப்பார்கள். வெறும் தயிருக்குப் பதிலாக வெனிலா தயிர் வந்தால் தயிர்சாதம் என்ன ஆகும், யோசித்துப் பாருங்கள். சில தயிர்களில் விலங்கிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் இருக்கும். டின்னில் வரும் மசித்த பீன்ஸில், 'வெஜிடேரியன்' என்று போடாத வகைகளில் பன்றிக் கொழுப்பு இருக்கலாம். ஆகவே தயிர், பீன்ஸ், சூப், ரொட்டி இவற்றுக்கு மட்டும் 'மாற்று வேண்டாம்' என்று ஒவ்வொன்றாகக் குறித்துவிடுங்கள். வாழைப்பழமும் தண்ணீரும் எந்தக் கம்பெனியாக இருந்தால் என்ன? வாழைப்பழத்தை எண்ணிக்கையில் கேட்கிறார்களா, எடையில் கேட்கிறார்களா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஐந்து பழம் வேண்டுமென்று நினைத்து ஐந்து பவுண்டு வாங்கிவிடக்கூடாது.

டிக்கியில் ஏற்கெனவே நான்கு பேர் பெட்டியும் ஆட்டப் பெட்டிகளும் அடைத்திருக்கும். ஒரு ஓரத்தைக் காலியாக விட்டு, அதில் ஐஸ் பெட்டியை வையுங்கள். ஓட்டலுக்கு ஒரு போன் போட்டு அறையில் ஃப்ரிட்ஜ், மைக்ரோவேவ் உண்டா என்று கேளுங்கள். எல்லா அறையிலும் இருக்காது. இல்லையென்றால் உறைந்த உணவு ஒன்றுகூட ஆர்டரில் இருக்கக்கூடாது. குக்கரைத் தூக்கிக்கொண்டு போகவும் வேண்டாம். பல ஓட்டல்களில் அறையில் சமைக்க விடமாட்டார்கள்.

இன்னொன்று, எதை வாங்குவது என்பதை ஆட்ட மேசையை மனத்தில் வைத்து முடிவு செய்யுங்கள். மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லி வழிப்பயணத்துக்கு அருமையானது. அதே விரலோடு சீட்டைத் தொட்டால் அந்தச் சீட்டு எண்ணெய்க் கறையோடு ஆயுள் முழுக்க அடையாளம் காட்டும். சிப்ஸும் அப்படித்தான். மேசைக்குத் திராட்சை, பாதாம், மூடி போட்ட தண்ணீர் பாட்டில் போதும். தொண்டைக்கு இருமல் மிட்டாய் ஒரு பை கட்டாயம். அரங்கத்து இரைச்சலில் இரண்டு மணி நேரம் கத்தி விளக்கினால் மறுநாள் குரல் இருக்காது.

இனி ஆட்டம். பெட்டியில் போட்டிருக்கும் நேரத்தை நம்பாதீர்கள். அது தெரிந்தவர்கள் ஆடும் நேரம். புதியவர்களுக்கு விளக்கவே கால் மணி நேரம் ஆகும். தாமதமாக வருபவருக்காகக் காத்திருப்பது தனி. அதனால் சாமான்களை வீட்டிலேயே பிரித்து வைத்துவிடுங்கள். டிக்கெட் டு ரைடில் ஒரு நிறத்துக்கு 45 ரயில் பெட்டிகள், ஐந்து நிறம். நிறத்துக்கு ஒரு ஜிப் பை என்று போட்டுவைத்தால், ஆள் வந்து உட்கார்ந்ததும் கையில் கொடுத்துவிடலாம்.

விளக்கும்போது எப்படி வெல்வது என்பதை முதலில் சொல்லுங்கள், பிறகு தன் முறை வந்தால் என்ன செய்யலாம் என்பதை. விதிவிலக்கெல்லாம் வரும்போது வரட்டும். டிக்கெட் டு ரைடில் ஒன்றை மட்டும் சீட்டு கொடுப்பதற்கு முன்பே சொல்லியாக வேண்டும்: பயணச்சீட்டு என்பது இந்த ஊரையும் அந்த ஊரையும் ரயில் பாதையால் இணை என்று சொல்லும் சீட்டு; முடிக்காத பயணச்சீட்டின் புள்ளி கடைசியில் கழிக்கப்படும். தொடக்கத்தில் மூன்று பயணச்சீட்டு தருவோம், இரண்டையாவது வைத்துக்கொள்ள வேண்டும். இது தெரியாதவர் ஆசையில் மூன்று நீண்ட பயணத்தையும் வைத்துக்கொண்டு, கடைசியில் முகம் வாடிப் போவார். நிறங்கள் சரியாகத் தெரியாதவர் யாராவது இருந்தால், ஒவ்வொரு நிறச் சீட்டிலும் ஒரு குறி இருப்பதையும் அதே குறி பாதையில் இருப்பதையும் காட்டுங்கள். அவர்கள் கேட்கத் தயங்குவார்கள், நீங்களே எல்லாருக்கும் பொதுவாகச் சொல்லிவிடுவது நல்லது.

பேண்டமிக் வேறு மாதிரி. எல்லாரும் ஒரே அணியாக நோயை எதிர்த்து ஆடுவதால் அந்நியர்கள் சீக்கிரம் ஒட்டிக்கொள்வார்கள். ஆனால் விவரம் தெரிந்த ஒருவர் மற்ற மூவரின் முறையையும் தானே ஆடிவிடும் ஆபத்து இதில் அதிகம், அந்த ஒருவர் பெரும்பாலும் நடத்துபவர்தான். ஆகவே நீங்கள் இருவரும் ஆட உட்காராதீர்கள். நான்கு இடத்தையும் வந்தவர்களுக்கே கொடுங்கள். யாராவது அடுத்தவருக்கு உத்தரவு போடத் தொடங்கினால், "சரி, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று முறை உள்ளவரைப் பார்த்துக் கேளுங்கள், அது போதும். 'எபிடெமிக்' என்ற கொள்ளைநோய்ச் சீட்டு நான்கை மட்டும் சேர்த்து ஆடுங்கள். புதியவர்களுக்காக விதியிலேயே சொல்லியிருக்கும் எண்ணிக்கை அது. அப்படியும் அரை மணி நேரத்தில் தோற்றுப்போகலாம். உங்களிடம் இரண்டு மணி நேரம் இருக்கிறதே, உடனே மறுபடி அடுக்குங்கள். இரண்டாவது ஆட்டம்தான் சூடு பிடிக்கும்.

டிக்கெட் வாங்கிய எல்லாரும் வருவார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம். எந்த ஆட்டத்துக்கும் செல்லும் பொது டிக்கெட்டை வைத்துக்கொண்டு காலி இடம் தேடிச் சுற்றுபவர்கள் இருப்பார்கள். நேரம் ஆனதும் அவர்களைச் சிரித்த முகத்தோடு உட்காரவைத்துத் தொடங்கிவிடுங்கள். உங்கள் இரண்டு ஆட்டத்துக்கும் நடுவே சாப்பிட ஒரு மணி நேரமாவது இருக்கிறதா என்றும் அட்டவணையைப் பாருங்கள். மாநாட்டு மையம், லூகாஸ் ஆயில் ஸ்டேடியம், சுற்றியுள்ள ஓட்டல்கள் என்று ஆட்டங்கள் பரந்து நடக்கின்றன, நடக்கவே நேரம் பிடிக்கும்.

கடைசியாக, உங்கள் கணவரோடு வேலையைப் பிரித்துக்கொள்வது. ஓர் ஆட்டத்துக்கு ஒருவர்தான் பேச வேண்டும், மற்றவர் சாமான் எடுத்துக் கொடுத்து, கை தூக்குபவரைக் கவனிக்க வேண்டும். அவர் பேசும்போது ஒரு விதி விட்டுப்போனால் நடுவில் குறுக்கிடாமல் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி நகர்த்துங்கள். இதையும் அந்தச் சனிக்கிழமையே பழகிக்கொள்ளுங்கள்.