தலைப்பை விடுங்கள் தம்பி, உள்ளே இருக்கும் வசனத்தைப் படியுங்கள்

தம்பி, உங்கள் கடிதத்தில் நாலு கேள்வி இருந்தது. டொச் (ஜெர்மன் மொழி) வகுப்பு, வேலை, லைசன்ஸ், கடைசியாகத் தயங்கித் தயங்கி எழுதிய அந்த வீட்டு விஷயம். சுவிஸுக்கு, லுட்சேர்னுக்குப் பக்கத்து எமன்புறூக்கவுக்கு வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் மாமனாருடைய சாப்பாட்டு மேசையில் சண்டை. ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் திருமணம் செய்யலாமா என்று 2021இல் நாடு வாக்களித்தபோது உங்கள் மனைவி 'ஆம்' போட்டதை மாமா இன்னும் மறக்கவில்லை. இனிமேல் வீட்டு வாக்குச்சீட்டெல்லாம் தானே நிரப்பப் போவதாகச் சொல்கிறார், உங்களுக்குப் பிரஜாவுரிமை கிடைத்தால் நீங்களும் குடும்பத்தோடு சேர்ந்து போட வேண்டுமாம். மேல்மாடியில் இரண்டு பெண்கள் ஒரு குழந்தையோடு இருக்கிறார்கள், அவர்களோடு எப்படிப் பழகுவது என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

மற்றதையெல்லாம் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டொச் நாளைக்கே தொடங்குங்கள், தமிழ்க் கடையில் வேலை கிடைத்தாலும் வகுப்பை விடாதீர்கள். வேலை பற்றி உங்கள் மனைவிக்கு என்னைவிட நன்றாகத் தெரியும், இங்கே படித்த பிள்ளை. மேல்மாடிப் பெண்களுக்கு 'குறூட்ஸி' என்று வணக்கம் சொல்லுங்கள், அவர்களுடைய முறை நாளில் பொதுச் சலவை அறைக்குள் உங்கள் உடுப்பைக் கொண்டு போகாதீர்கள். இந்த நாட்டில் அயலவரோடு பகை வருவது பெரும்பாலும் அந்த அறையால்தான், யார் யாரைக் கட்டினார் என்பதால் இல்லை.

வாக்குச்சீட்டுக்கு வருகிறேன். இங்கே வருடத்தில் நாலு தடவை வரைக்கும் தபாலில் அந்தப் பெரிய உறை வரும். ஒரு சீட்டு, ஒரு சின்ன உறை, கையெழுத்து வைக்க ஒரு அட்டை, சிவப்பு அட்டை போட்ட விளக்கப் புத்தகம். எங்கள் சனத்தின் பல வீடுகளில் என்ன நடக்கிறது தெரியுமா? தகப்பன் எல்லாவற்றையும் மேசையில் பரப்பி, தானே 'ஆம்', 'இல்லை' எழுதி, மனைவி பிள்ளைகளிடம் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டு தபால் பெட்டியில் போட்டுவிடுகிறார். எனக்கு இதைவிட எரிச்சல் தரும் விஷயம் வேறு இல்லை. வாக்குச்சீட்டுகளைத் திட்டமிட்டுச் சேர்த்து நிரப்புவது இங்கே சட்டப்படி தண்டனைக்குரியது. நான் இப்போது எங்கள் ஊரில் வாக்கு எண்ணும் குழுவில் இருக்கிறேன், கோப்பை கழுவ வந்தவன் இன்றைக்கு இந்த நாட்டின் வாக்கை எண்ணுகிறேன், அதில் எனக்குப் பெருமைதான். ஒரே பேனை, ஒரே கை எழுதிய சீட்டுகள் அடுத்தடுத்து வந்தால் எண்ணுகிறவன் கண்ணுக்குத் தெரியாமல் போகாது. இதை மாமாவிடம் மரியாதையாகச் சொல்லுங்கள். சொல்லப் பயம் என்றால் உங்கள் மனைவியே தன் உறையைத் தான் எடுத்து வைத்துக்கொள்ளட்டும்.

உங்கள் மாமா 2021ஐப் பற்றிக் கோபப்படுகிறார். நான் 2016ஐப் பற்றித்தான் கதைக்க விரும்புகிறேன், ஏனென்றால் உண்மையான பொறி அதுதான், அதை எங்கள் ஆட்களில் அரைவாசிப் பேர் கவனிக்கவே இல்லை. அந்த வருடம் பெப்ரவரி 28ஆம் திகதி வாக்கெடுப்புக்கு வந்த ஒரு முன்மொழிவின் பெயர் 'திருமணத்துக்கும் குடும்பத்துக்கும் ஆதரவாக, திருமணத் தண்டனைக்கு எதிராக'. சி.வி.பி. என்ற கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சி கொண்டு வந்தது, இப்போது அந்தக் கட்சி டி மிட்டே என்று பெயர் மாற்றிவிட்டது. குடும்பத்துக்கு ஆதரவு என்றால் எந்தத் தமிழன் 'இல்லை' என்பான்? இங்கே கணவனும் மனைவியும் உழைத்தால் இரண்டு சம்பளத்தையும் கூட்டித்தான் மத்திய வரி போடுகிறார்கள், வரி வீதம் கூடிய படிக்கு ஏறிவிடும். ஓய்வூதியத்திலும் தம்பதிக்கு உச்சத் தொகை தனி ஆளுடையதில் ஒன்றரை மடங்குதான். இதையெல்லாம் சரிசெய்வோம் என்றார்கள். நியாயமான குறைதான், நான் மறுக்கவில்லை.

ஆனால் சிவப்புப் புத்தகத்தில் அரசியலமைப்பில் ஏறப்போகும் வாசகம் அப்படியே அச்சாகியிருக்கும். அதன் முதல் வசனமே திருமணம் என்பது ஆணும் பெண்ணும் நிலையாக வாழ்வதற்குச் சட்டம் வகுத்த கூட்டு என்றுதான் தொடங்கியது. வரிக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? அப்போது இங்கே ஆணும் ஆணும் திருமணம் செய்யச் சட்டமே இல்லை, 2007இலிருந்து 'பதிவு செய்த துணை' என்ற ஏற்பாடு மட்டும்தான். இல்லாத ஒன்றை எதற்கு அரசியலமைப்பில் தடுக்க வேண்டும்? அவர்கள் கையெழுத்துச் சேர்த்து முடித்த மறுவருடமே, 2013இல், பசுமை லிபரல் கட்சி எல்லாருக்கும் திருமணம் என்று பாராளுமன்றத்தில் பிரேரணை வைத்தது. அப்படி ஒன்று ஒருநாள் சாதாரணச் சட்டமாக வந்துவிடாமல் முன்கூட்டியே கதவைப் பூட்டத்தான் அந்த வசனம். அரசியலமைப்பில் ஒன்று ஏறிவிட்டால் அதை இறக்க மறுபடியும் நாட்டில் பெரும்பான்மை வாக்கும் வேண்டும், கன்டோன்களில், அதாவது மாநிலங்களில், பெரும்பான்மையும் வேண்டும். வரிச்சலுகை தூண்டிலில் குத்திய மண்புழு, அவ்வளவுதான். அந்தப் புழுவும் எங்களுக்குப் போட்டதில்லை, அந்த மத்திய வரியில் பெரிய வித்தியாசம் வருவது கூடிய சம்பளக்காரத் தம்பதிகளுக்குத்தான். றெஸ்ரோறன்ட் குசினியிலும் துப்புரவு வேலையிலும் உழைக்கிற எங்களுக்கு அதில் என்ன மிஞ்சப்போகிறது?

அதே நாளில் வாக்கெடுப்புக்கு வந்த இன்னொன்று, குற்றம் செய்த வெளிநாட்டவரைச் சின்னக் குற்றத்துக்குக்கூட நாடு கடத்தும் முன்மொழிவு. அதைப் பார்த்து எங்கள் சனம் நடுங்கியது. அந்த மாதம் நான் தெரிந்த வீடுகளுக்கெல்லாம் போய்க் கதைத்தேன், எல்லா இடத்திலும் ஒரே காட்சி. நாடு கடத்தலுக்கு எல்லாரும் பெரிய எழுத்தில் 'இல்லை', ஏனென்றால் அது எங்கள் பிள்ளைகளைத் தொடும். அதே பேனையால் திருமண முன்மொழிவுக்கு 'ஆம்', ஏனென்றால் அது யாரோ இரண்டு வெள்ளைக்காரப் பெடியளைத்தானே தொடும், எங்களுக்கு வரி குறையும். "அண்ணை, அது இயற்கைக்கு விரோதம்" என்று ஒருவர் எனக்கு வகுப்பெடுத்தார். ஆறு வருடம் அகதி அட்டையோடு இருந்தவர் அவர். இந்த ஊருக்கு நாங்களே விரோதம் என்று சொன்ன காலத்தை எப்படி அவ்வளவு சுகமாக மறந்தாரோ தெரியாது. பேர்ன் ரயில் நிலையத்தில் தோல் ஜாக்கெட்டோடு நாலு தமிழர் நின்றால் ஹெரோயின் விற்கிறவர்கள் என்று சனம் கதைத்த எண்பதுகளை அவரும் பார்த்தவர்தான்.

நான் ஏன் இதில் இவ்வளவு பிடிவாதம் என்று கேட்பீர்கள். நான் வந்த புதிதில் லுட்சேர்னில் ஒரு ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவினேன். முதலாளி எங்களை மனிதராகவே பார்க்கவில்லை, அவரைப் பற்றிக் கதைத்து என்ன. ஷெஃப் வேறு மாதிரி. மலைப்பக்கத்து ஆள், சத்தம் போடுவார், கரண்டியால் மேசையில் அடிப்பார். ஆனால் கத்தரிக்காயிலிருந்து கத்தி வரைக்கும் ஒவ்வொன்றையும் தூக்கிக் காட்டி எனக்கு டொச் படிப்பித்தவர் அவர்தான். முதல் பனிக்காலத்தில் தன் பழைய கோட்டைக் கொண்டுவந்து, "இது எனக்கு இறுக்கம்" என்று பொய் சொல்லித் தந்தார். அவருக்கு ஒரு துணை இருந்தார், பிரேசில்காரர். வருவார், சுற்றுலாக்காரருக்கு அனுமதித்த மூன்று மாதம் முடிந்ததும் போவார், திரும்ப வருவார். ஒருமுறை வந்தவருடைய கையில் இருந்த பாஸ்போர்ட்டில் முத்திரை குத்த இடமில்லை என்று இருவரும் சிரித்ததைக் கேட்டிருக்கிறேன்.

எனக்கு பி பெர்மிட் என்ற வதிவிட அனுமதி கிடைத்ததும் இந்தியாவுக்குப் போய்த் திருமண எழுத்து முடித்து, அந்தத் தாளைக் காட்டி என் மனைவியைக் கூப்பிட்டேன். ஒரு வருடத்துக்குள் வந்துவிட்டாள். நேற்று வந்த அகதி நான், ஒரு பதிவுத் தாளோடு என் குடும்பத்தை இந்த நாட்டுக்குள் கொண்டு வந்தேன். பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து இந்த மண்ணில் மாடு வளர்த்த குடும்பத்தில் பிறந்த மனிதருக்கு அது முடியவில்லை. என் மனைவி வந்த அன்று குசினியில் எல்லாருக்கும் கேக் வெட்டியதும் அவர்தான். அந்தக் கணக்கு எனக்கு அன்றைக்கே பிடிபடவில்லை என்று சொல்ல மாட்டேன், நன்றாகப் பிடிபட்டது, சொல்ல டொச் மட்டும் போதவில்லை.

2005 யூனில் 58 வீதம் பேர் 'ஆம்' சொல்லி, 2007 ஜனவரியில் அந்தப் பதிவு ஏற்பாடு தொடங்கியது. அவர்கள் இருவரும் அந்த மாதமே பதிந்தார்கள், நான் றோல்சும் வடையும் செய்துகொண்டு போனேன். அதற்குப் பிறகும் முழு உரிமை இல்லை. சேர்ந்து ஒரு பிள்ளையைத் தத்தெடுக்க முடியாது, துணைக்குச் சுவிஸ் பிரஜாவுரிமை கணவன் மனைவிக்குப் போல இலகுவாகக் கிடையாது. எந்தப் படிவத்தை நிரப்பினாலும் குடும்பநிலை என்ற கட்டத்தில் ஊருக்கே காட்டிக்கொடுக்கிற ஒரு தனிப் பதில். 2016இல் வந்த வசனம் இதை இப்படியே காலத்துக்கும் நிறுத்தி வைக்கிற வேலை. அதற்கு நான் 'ஆம்' போடுவேனா?

இன்னொன்று, நீங்கள் வந்து இறங்கியிருக்கிற எமன்புறூக்க சேர்ந்த எமன் ஊர்ச் சரித்திரம். அங்கே பிரஜாவுரிமை கேட்டவர்களின் பெயரும் நாடும் தொழிலும் அச்சடித்து வீடு வீடாக அனுப்பி, இவருக்குக் கொடுக்கலாமா என்று வாக்கெடுப்பு வைத்தார்கள். 2000 மார்ச்சில் இத்தாலியருக்கு 'ஆம்', யூகோஸ்லாவியப் பக்கத்திலிருந்து வந்தவர்களுக்கு 'இல்லை'. 2003இல் சுவிஸ் உச்ச நீதிமன்றம், இப்படி வாக்கெடுப்பால் பிரஜாவுரிமை தீர்மானிப்பது அரசியலமைப்புக்கு முரண் என்று நிறுத்தியது. உங்கள் மாமா அந்தக் காலத்தில் அங்கேயே இருந்தவர் என்றால் ஞாபகம் இருக்கும், கேட்டுப் பாருங்கள். 2009இல் பள்ளிவாசல்களுக்கு மினாரெட் கட்டத் தடை என்று வந்தது, 57.5 வீதம் பேர் 'ஆம்'. அப்போதும் எங்கள் ஆட்களில் சிலர் "அது அவங்களுக்கு, எங்களுக்கில்லை" என்று தேநீர் குடித்தார்கள். மினாரெட்டுக்கு வந்த சீட்டு எங்கள் கோயில் கோபுரத்துக்கு வர எவ்வளவு நேரம்?

சரி, 2016க்கு என்ன நடந்தது. 50.8 வீதம் 'இல்லை', தோற்றது. கன்டோன்களில் பெரும்பாலானவை 'ஆம்' சொல்லியிருந்தன, மொத்த வாக்கில் வித்தியாசம் ஏறக்குறைய 55,000தான். சுவிஸில் இருக்கிற தமிழரைக் குஞ்சு குருமான் வரைக்கும் எண்ணினால் வருகிற தொகைக்குக் கிட்ட. நாடு கடத்தல் முன்மொழிவுக்குப் பயந்து வாக்களிக்க வந்த சனத்தால்தான் இதுவும் விழுந்தது என்பது என் எண்ணம், அந்த நாள் 63 வீதத்துக்கு மேல் வாக்களித்தார்கள், இங்கே அது பெரிய கூட்டம். கதை அதோடு முடியவும் இல்லை. வரிச்சுமை இருவரும் உழைக்கிற தம்பதிகளில் 80,000 சோடியைத்தான் பாதிக்கிறது என்று அரசு சொன்ன கணக்கு பிழை, உண்மையில் 454,000 என்று பிறகு தெரிய வந்தது. 2019 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் வாக்கெடுப்பையே ரத்துச் செய்தது, இந்த நாட்டில் மத்திய வாக்கெடுப்பு ஒன்று ரத்தானது அதுதான் முதல் தடவை. ஐயோ, திரும்பவும் வீடு வீடாகப் போக வேண்டுமே என்று நான் தலையில் கை வைத்தேன். நல்லகாலம், 2020இல் கட்சியே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. பிறகு அதே வரிக் குறைக்காகப் புதிதாகக் கையெழுத்துச் சேர்த்தபோது ஆணும் பெண்ணும் என்ற வசனத்தை விட்டுவிட்டுத்தான் வந்தார்கள். குறை தீர்க்க அந்த வசனம் தேவையே இல்லை என்று அவர்களே காட்டிவிட்டார்கள்.

2021 செப்டம்பர் 26இல் 64.1 வீதம் 'ஆம்', ஒரு கன்டோன்கூட 'இல்லை' சொல்லவில்லை, 2022 யூலை 1இலிருந்து நடைமுறை. உங்கள் மனைவி ஏதோ தனியாகப் போய்ப் புரட்சி செய்துவிட்டதாக மாமா நினைக்கிறார், அப்பென்செல் மலைக் கன்டோனும் அவளோடு சேர்ந்துதான் போட்டிருக்கிறது என்று சொல்லுங்கள். என் ஷெஃப் இப்போது ஓய்வில் இருக்கிறார், பதிவைத் திருமணமாக மாற்ற ஒரு அறிவிப்புக் கொடுத்தாலே போதும் என்றார்கள், கொடுத்தார்கள்.

எங்கள் பண்பாடு என்று மாமா தொடங்கினால் அதிகம் வாதாடாதீர்கள். இலங்கையில் இதைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டக்கோவை 1883இல் வெள்ளைக்காரன் போட்டது என்பதை மட்டும் ஒருமுறை சொல்லிவிட்டுச் சோற்றைச் சாப்பிடுங்கள். எங்கள் சனத்துக்குள்ளும் இருக்கிறார்கள் தம்பி. எனக்குத் தெரிந்த ஒரு பெடியன் ஜெனீவாவுக்குப் போய்விட்டான், வேலைக்காக என்று தாய் சொல்கிறாள், நாங்களும் வேலைக்காக என்றுதான் சொல்கிறோம். நீங்கள் மேசையில் என்ன கதைக்கிறீர்கள் என்பதை அந்த வீட்டுப் பிள்ளைகளும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

லைசன்ஸ் கேட்டீர்கள், மறக்கவில்லை. வந்த நாளிலிருந்து பன்னிரண்டு மாதத்துக்குள் மாற்ற வேண்டும், இலங்கை லைசன்ஸ் என்றால் ஒரு பரிசோதனை ஓட்டம் வைப்பார்கள். அதில் தவறினால் இரண்டாம் தடவை தர மாட்டார்கள், எழுத்துப் பரீட்சையிலிருந்து புதிதாகத் தொடங்க வேண்டும், செலவு தாங்காது. ஊரில் பதினைந்து வருடம் ஓட்டினேன் என்ற நினைப்பில் நேரே போய் இருந்துவிடாதீர்கள், இங்கத்தைய பழக்குநரோடு சில மணித்தியாலம் ஓடிப் பாருங்கள். வலப்பக்கம் ஓட்டம் வேறு, ரவுண்டபௌட்டில்தான் எங்கள் ஆட்கள் மாட்டுப்படுகிறவர்கள்.