டிபி கோல்டு பாசிட்டிவ் என்றால் காசநோய்தானா?

மருத்துவர் பதில்கள்

(ஆந்திர எல்லையோர ஊர்களில் இருந்து காசநோய்க்கான இரத்தப் பரிசோதனை பற்றி வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் அளிக்கப்படுகிறது.)

என் கணவர் விசைத்தறித் தொழிலாளி. சளிப் பரிசோதனையில் காசநோய் என்று தெரிந்து இரண்டு மாதமாக மாத்திரை சாப்பிடுகிறார். எனக்கு இருமலோ காய்ச்சலோ இல்லை. இருந்தாலும் தனியார் லேபில் ‘டிபி கோல்டு’ பரிசோதனை செய்ததில் பாசிட்டிவ் என்று வந்துவிட்டது. சிறு வயதில் போட்ட பிசிஜி என்னும் காசநோய்த் தடுப்பூசியால் அப்படிக் காட்டும் என்கிறார் அண்ணன். எனக்கும் நோய் ஒட்டிக்கொண்டது என்கிறார் மாமியார். நான்கு வயது மகளை நினைத்தால் தூக்கம் வருவதில்லை. யார் சொல்வது சரி, டாக்டர்?
— ஒரு வாசகி, நகரி

இருவர் சொல்வதும் சரியில்லை, அம்மா. இந்தப் பரிசோதனை கிருமியைத் தேடுவதில்லை. கிருமியை உங்கள் உடல் முன்பு சந்தித்திருக்கிறதா என்பதைத்தான் கேட்கிறது. உங்கள் இரத்தத்தைச் சில குழாய்களில் பிரித்து, காசநோய்க் கிருமிக்கே உரிய இசாட்-6, சிஎஃப்பி-10 என்னும் புரதங்களின் துணுக்குகளோடு சேர்த்து, உடல் வெப்பமான 37 டிகிரியில் ஓர் இரவு அளவுக்கு வைத்திருப்பார்கள். அந்தக் கிருமியோடு ஏற்கெனவே பழகிய வெள்ளணுக்கள் இரத்தத்தில் இருந்தால், அவை அந்தப் புரதங்களை அடையாளம் கண்டு, இன்டர்ஃபெரான் காமா என்னும் பொருளைச் சுரக்கும். அதன் அளவு குறித்த வரம்பைத் தாண்டினால் பாசிட்டிவ்.

பிசிஜி ஊசியில் உள்ள கிருமியிடம் இந்த இரண்டு புரதங்களும் கிடையாது. எனவே அந்த ஊசியின் தழும்பு இருப்பதால் இந்தப் பரிசோதனை ஏமாறாது. தோலில் போட்டுப் பார்க்கும் பழைய மான்டூ பரிசோதனைதான் அப்படிக் குழம்பக்கூடியது. (நம் நாட்டில் பிசிஜி ஊசி முதன்முதலாக 1948இல் போடப்பட்டது உங்கள் பக்கத்து மதனப்பள்ளியில்தான்.)

ஆகவே கிருமி உங்கள் உடலுக்குள் வந்திருக்கிறது என்பது உண்மை. ஆனால் அது நோயாக வளர்ந்திருக்கிறதா, அடங்கிக் கிடக்கிறதா என்பதை இந்தத் தாள் சொல்லாது. கிருமி உடலில் அடங்கிக் கிடப்பவர்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்கே வாழ்நாளில் நோய் வருகிறது. அதிலும் தொற்றிய முதல் இரண்டு ஆண்டுகளில்தான் ஆபத்து அதிகம். நீங்கள் இப்போது செய்ய வேண்டியது மார்பு எக்ஸ்ரே எடுத்து, நோய் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, தடுப்பு மருந்து தொடங்குவது. தினமும் ஆறு மாதம் ஐசோனியாசிட் மாத்திரை, அல்லது வாரம் ஒரு முறை என மூன்று மாதத்துக்கு இரண்டு மருந்துகள் சேர்ந்த முறை, இவற்றில் உங்களுக்கு ஏற்றதை அரசு மருத்துவமனையில் சொல்வார்கள். மகளுக்கு ஐந்து வயது நிறையாததால் இந்த இரத்தப் பரிசோதனைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. நோய் இல்லை என்று பார்த்தவுடனேயே தடுப்பு மருந்து கொடுத்துவிடலாம். கணவர் மாத்திரையை ஒரு நாளும் விடாமல் சாப்பிடுவதே உங்கள் இருவருக்கும் பெரிய பாதுகாப்பு.

டிபி ஐஜிஜி, ஐஜிஎம் என்று இரத்தத்தில் பார்த்து முடிவு சொன்னார்கள். நம்பலாமா?
— பலமநேர் வாசகர்

நம்பக் கூடாது. காசநோயை எதிர்க்கும் ஆன்டிபாடிகளைப் பார்க்கும் அந்தப் பரிசோதனைகள் நோயற்றவரை நோயாளி என்றும், நோயாளியை நலமானவர் என்றும் காட்டியதால், அவற்றைப் பயன்படுத்த வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2011இல் அறிவித்தது. அடுத்த ஆண்டே இந்திய அரசு அவற்றைத் தடை செய்தது.

இரத்தத்தை மட்டும் வைத்து நோயைக் கண்டறியும் காலம் வருமா?
— ஒரு மாணவி, சித்தூர்

அந்த ஆராய்ச்சி வேகமாக நடக்கிறது. கிருமி நுரையீரலில் பெருகும்போது இரத்த வெள்ளணுக்களில் சில மரபணுக்களின் வேலை கூடும், சிலவற்றினது குறையும். ஜிபிபி5, டியூஎஸ்பி3, கேஎல்எஃப்2 என்ற மூன்றை மட்டும் அளந்து, விரல் நுனியில் எடுத்த இரத்தத்தில் முடிவு சொல்லும் ஒரு முறை பல நாடுகளில் சோதிக்கப்பட்டிருக்கிறது. யாரை மேலும் பரிசோதிக்க வேண்டும் என்று பிரித்தறியும் முதல் கட்டப் பரிசோதனை, நோயாளிகள் நூறு பேரில் குறைந்தது தொண்ணூறு பேரைக் கண்டுபிடிக்க வேண்டும், நோயற்றவர் நூறு பேரில் எழுபது பேரையாவது சரியாக விலக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் வைத்த அளவுகோல். சளி வராத குழந்தைகளுக்கும், நுரையீரலுக்கு வெளியே நோய் உள்ளவர்களுக்கும் இது பெரிய உதவியாக இருக்கும் என்று நானும் எதிர்பார்க்கிறேன். ஆனால் வேறு வைரஸ் காய்ச்சல்களிலும் இதே மாற்றங்கள் தோன்றக்கூடும் என்பதால், சளியில் கிருமியைத் தேடும் வேலை இப்போதைக்கு ஒழியாது.

62 வயதான என் தந்தைக்குச் சர்க்கரை நோய் உண்டு. ஒரு மாதமாக இருமல், மாலையில் காய்ச்சல். வேட்டி இடுப்பில் நிற்காத அளவுக்கு மெலிந்துவிட்டார். ஒரு கிளினிக்கில் டிபி கோல்டு நெகட்டிவ், ஆகவே காசநோய் இல்லை என்று சிரப் கொடுத்து அனுப்பினார்கள்.
— குப்பம் வாசகர்

உங்களுக்குத் தனியாகவும் கடிதம் அனுப்பியிருக்கிறேன். இதே நிலையில் உள்ள பிறருக்காக இங்கும் எழுதுகிறேன். நெகட்டிவ் என்ற அந்த முடிவை வைத்துக் காசநோய் இல்லை என்று சொல்லவே முடியாது. காசநோய் உறுதியானவர்களிலும் ஒரு பகுதியினருக்கு இந்தப் பரிசோதனை நெகட்டிவாக வருகிறது. முதுமையும் சர்க்கரை நோயும் வெள்ளணுக்களைத் தளரச் செய்வதால் அவை இன்டர்ஃபெரானைப் போதிய அளவு சுரப்பதில்லை. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தாலே சளியைப் பார்த்திருக்க வேண்டும். அப்பாவைக் காலையில் எழுந்ததும் வாயைக் கொப்பளிக்கச் செய்து, எச்சிலாக இல்லாமல் ஆழ இருமி எடுத்த சளியை அரசு மருத்துவமனையில் கொடுங்கள். ட்ரூநாட் அல்லது சிபிநாட் கருவியில் கிருமியின் மரபணுவையே தேடி, ரிஃபாம்பிசின் என்னும் காசநோய் மருந்துக்கு அது கட்டுப்படுமா என்பதையும் சில மணி நேரத்தில் சொல்லிவிடுவார்கள், கட்டணம் இல்லை. எக்ஸ்ரேயும் சர்க்கரை அளவும் அன்றைக்கே பார்க்கச் சொல்லுங்கள். நாளைக் காலையே அழைத்துப் போங்கள்.