தோல் வாசனை அடிக்கும் பீர்: வாசகர் கேள்வி, பதில்

போன இதழில் பெல்ஜியத்துப் புளிப்பு பீரைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அதையொட்டி வந்த கேள்விகளை மட்டும் இந்த முறை எடுத்துக்கொள்கிறேன்.

பிரஸ்ஸல்ஸில் வேலை பார்க்கும் என் மகன் ஊருக்கு வந்தபோது இரண்டு பாட்டில் கொண்டுவந்தான். ஷாம்பெயின் மாதிரி கார்க், கம்பி எல்லாம் போட்டு, லேபிளில் 'கூஸ்' என்று இருந்தது. திறந்தால் ஒரே புளிப்பு, ஒரு வாய்க்கு மேல் யாருக்கும் இறங்கவில்லை. கெட்டுப்போய்விட்டதா? இன்னொரு பாட்டிலை என்ன செய்வது?
(வாசகர், சத்துவாச்சாரி)

தயவுசெய்து அதைக் கொட்டிவிடாதீர்கள். கெட்டுப்போகவில்லை, அது புளிக்கத்தான் வேண்டும்.

மரப் பீப்பாயில் காற்றில் உள்ள நுண்ணுயிர்களாலேயே நொதித்த பீருக்கு லாம்பிக் என்று பெயர். ஒரு வருஷத்து லாம்பிக், இரண்டு வருஷத்தது, மூன்று வருஷத்தது என்று கலந்து பாட்டிலில் அடைத்தால் அது கூஸ். இளசில் மிச்சமிருக்கும் சர்க்கரை பாட்டிலுக்குள் மறுபடி நொதித்து நுரையைக் கொடுக்கும். பழசு மணத்தையும் ருசியையும் கொடுக்கும். எந்தப் பீப்பாயில் எவ்வளவு எடுப்பது என்பதைக் கலக்கிறவர் ருசி பார்த்தே முடிவு செய்கிறார். மூன்று வருஷம் காத்திருந்து செய்த பொருளை ஒரு வாயில் ஒதுக்கிவிடுவது எனக்கு மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

இரண்டாவது பாட்டிலை இப்படிச் செய்யுங்கள். முந்தின நாளே பிரிட்ஜில் நிறுத்திவையுங்கள், வண்டல் அடியில் படியட்டும். எடுத்ததும் ஊற்றாதீர்கள். அந்தச் சில்லிப்பில் நாக்கு மரத்துப்போய் புளிப்பு மட்டும்தான் தெரியும், மணம் எழும்பாது. 12 டிகிரி வாக்கில் இருந்தால் சரி. நம் ஊர் வெயிலுக்குக் கால் மணி நேரம் மேசையில் இருந்தாலே போதும். எவர்சில்வர் டம்ளர் வேண்டாம். வாய் சற்றுக் குறுகின கண்ணாடி கிளாசில் மூன்றில் ஒரு பங்கு ஊற்றுங்கள். பாட்டிலை நடுவில் நிமிர்த்தாமல், சாய்த்தது சாய்த்தபடியே எல்லா கிளாசுக்கும் ஊற்றிவிட்டால் வண்டல் கலங்காது. 750 மில்லி பாட்டில் நாலு பேருக்குத் தாராளம்.

முதலில் முகர்ந்து பாருங்கள். அப்புறம் ஒரு சின்ன வாய். அதை வைத்து நல்லது கெட்டது எதுவும் சொல்ல வேண்டாம், அது நாக்கைப் பழக்கத்தான். அரை நிமிஷம் விட்டு இரண்டாவது வாய் எடுக்கும்போது புளிப்பு பின்னால் போய், எலுமிச்சைத் தோல், பச்சை ஆப்பிள், காய்ந்த வைக்கோல், ஈர மரம் என்று ஒவ்வொன்றாகத் தலைகாட்டும். விழுங்கின பிறகு வாயில் இனிப்பு ஒட்டாது, கசப்பும் அநேகமாக இருக்காது. சுத்தமாகத் துடைத்துவிட்ட மாதிரி இருக்கும். நாலாவது வாய்க்குக் கை தானாகப் போகும்.

நிஜமாகவே பழுதான பாட்டிலும் உண்டு. நல்ல கூஸின் புளிப்பு பெரும்பாலும் லாக்டிக் அமிலம், தயிரில் இருப்பதேதான். அது நாக்கில் நிற்கும். வினிகர் மூக்கில் சுரீரென்று ஏறி, தொண்டையை எரித்தால், அல்லது நெயில் பாலிஷ் அழிக்கிற திரவத்தின் வாடை அடித்தால், பீப்பாயில் காற்று அதிகம் புகுந்துவிட்டது என்று பொருள். அதைத் தாராளமாகக் கொட்டலாம்.

ஷூ கம்பெனியில் வேலை செய்கிறேன். இந்த பீரில் 'தோல் வாசனை, குதிரை லாய வாசனை' வருவதாகப் பெருமையாக எழுதுகிறார்கள். நாள் முழுக்க அந்த வாசனையில் இருப்பவன் நான். குடிக்கிற பொருளில் அது எப்படி வரும்? வந்தால் யார் குடிப்பார்கள்?
(வாசகர், ஆம்பூர்)

இந்தக் கேள்வி ஆம்பூரிலிருந்து வந்ததில் எனக்கு ரொம்ப சந்தோஷம். நான் ராணிப்பேட்டை டேனரிகளில் கெமிஸ்டாக இருந்தவன். லாம்பிக்கை முதலில் முகர்ந்தபோது எனக்கு அது அந்நியமாகவே தெரியவில்லை.

அந்த வாசனைக்குக் காரணம் பிரெட்டனோமைசிஸ் என்கிற ஈஸ்ட். கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்தில் இருந்த கிளாசன், இங்கிலாந்தின் நாள்பட்ட பீரிலிருந்து அதைப் பிரித்தெடுத்து 1904-ல் வெளியே சொன்னார். அது உண்டாக்கும் 4-எத்தில்பீனால் என்ற பொருள்தான் தோல், லாயம் என்று மூக்குக்குத் தெரிவது. கூடவே வரும் 4-எத்தில்குவாயகாலில் கிராம்பும் லேசான புகையும் இருக்கும்.

எந்தத் தோல் என்று கேட்டால் உங்களுக்குச் சட்டென்று புரியும்படி சொல்கிறேன். சுண்ணாம்புக் குழியிலிருந்து வரும் பச்சைத்தோல் நாற்றம் இல்லை, குரோம் போட்ட நீலத்தோலும் இல்லை. ஆவாரம்பட்டையில் பதனிட்டு, கடுக்காய் கொடுத்து, நிழலில் காயப்போட்ட ஆட்டுத்தோல் கட்டுகளை அடுக்கி வைத்த கிடங்குக் கதவைக் காலையில் திறந்தால் ஒரு வாசனை வரும் இல்லையா, அந்தப் பக்கம். அதுவும் கொஞ்சமாக, எலுமிச்சைக்கும் வைக்கோலுக்கும் பின்னால். வெளிநாட்டுக்காரர்கள் இதற்கு வார்த்தை தேடித் திணறுகிறார்கள். நம் மாவட்டத்தில் பாதிப் பேருக்கு மூக்கிலேயே அது பதிந்திருக்கிறது. ருசி பார்க்க இதைவிட நல்ல தகுதி என்ன வேண்டும்?

இந்த ஈஸ்ட்டுக்கு வாசனையைத் தவிர வேறு வேலையும் உண்டு. பீப்பாயில் முதல் சில மாதம் சாதாரண ஈஸ்ட் ஆல்கஹாலை உண்டாக்கும். அடுத்து வெயில் காலத்தில் பீடியோகாக்கஸ் பாக்டீரியா வந்து புளிப்பேற்றும். அந்தச் சமயத்தில் பீர் கொழகொழவென்று நூல்விட்டுக்கொண்டு, பார்த்தாலே குமட்டும். பிரெட்டனோமைசிஸ்தான் மெதுவாக அந்தக் கொழகொழப்பையும், மற்ற ஈஸ்ட்கள் தொட முடியாத சர்க்கரையையும் தின்று தெளிய வைக்கிறது. காத்திருப்பு எல்லாம் இதற்காகத்தான்.

ஈஸ்ட் போடாமல் காற்றிலேயே நொதிக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அப்படியென்றால் நம் வீட்டு மொட்டை மாடியிலும் செய்யலாமா?
(வாசகர், ஆரணி)

கூடாது, முடியவும் முடியாது. அனுமதி இல்லாமல் மது தயாரிப்பது தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். அது ஒரு பக்கம் இருக்கட்டும், நம் இரவு அதற்கு ஒத்துவராது.

தோல் வியாபார விஷயமாக ஐரோப்பா போனபோது பிரஸ்ஸல்ஸின் ஆண்டர்லெக்ட் பகுதியில் இருக்கும் கான்டியோன் ஆலையைப் பார்த்தேன். 1900-ல் தொடங்கியது, 1978 முதல் அருங்காட்சியகமாகவும் நடக்கிறது. ஓட்டுக் கூரைக்கு அடியில், பரணில், அறை அகலத்துக்கு ஒரு செப்புத் தொட்டி. ஆழம் முழங்கால் அளவுகூட வராது. பார்லி மால்ட்டோடு, அதாவது முளைகட்டிக் காயவைத்த பார்லியோடு, மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் முளைகட்டாத கோதுமை சேர்த்து எடுத்த சாற்றை மணிக்கணக்கில் கொதிக்கவிட்டு, ராத்திரி அந்தத் தொட்டியில் திறந்தபடி பரப்பிவிடுகிறார்கள். விடிவதற்குள் 20 டிகிரிக்கு இறங்க வேண்டும். ஜன்னல் வழியாகவும் ஓட்டு இடுக்கு வழியாகவும் வரும் குளிர்காற்றுதான் ஈஸ்ட்டைக் கொண்டுவருகிறது. சிலந்தி வலையைக்கூடக் கலைப்பதில்லை, பூச்சிகளைச் சிலந்தி பார்த்துக்கொள்ளும். பீருக்குக் கசப்பைக் கொடுக்கும் ஹாப்ஸ் பூவும் சில வருஷம் பழசானதைத்தான் போடுகிறார்கள். கசப்பு போய்விடும், வேண்டாத பாக்டீரியாவைத் தடுக்கும் குணம் மட்டும் மிஞ்சும்.

அங்கேயே அக்டோபர் கடைசியிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரைதான் காய்ச்சுகிறார்கள். வெயில் காலக் காற்றில் கெடுக்கிற கிருமிகள் அதிகம். மார்கழி விடியற்காலையில்கூட நம் பக்கம் அந்தக் குளிர் கிடையாது.

நம் கள்ளும் தானாகவே நொதிப்பதுதானே? அதைக் கேவலமாகப் பேசிவிட்டு, வெள்ளைக்காரன் புளிப்பை மட்டும் ஏன் கொண்டாடுகிறோம்?
(வாசகர், குடியாத்தம்)

நியாயமான கோபம். பாளையிலிருந்து கலயத்தில் இறங்கும்போதே கள் நொதிக்க ஆரம்பித்துவிடுகிறது, யாரும் எதுவும் போடுவதில்லை. லாக்டிக் பாக்டீரியா அங்கேயும் உண்டு. வித்தியாசம் காலத்தில்தான். காலையில் இறக்கின கள் மறுநாள் வினிகர் பக்கம் போய்விடும். நம் வெயிலில் அது நிற்காது. லாம்பிக்கைக் குளிரும் மரமும் வருஷக்கணக்கில் தாங்கிப் பிடிக்கின்றன.

பெல்ஜியத்தின் பீர் பண்பாட்டை 2016-ல் யுனெஸ்கோ மரபுப் பட்டியலில் சேர்த்தது. தமிழ்நாட்டிலோ 1987 முதல் கள் இறக்கவே தடை. எந்த மரத்துக் கள், எந்த மாதத்தில், என்ன மணம் என்று பிரித்துச் சொல்லத் தெரிந்த மரமேறிகள் நம்மிடம் இருந்தார்கள். அந்த அறிவை யாரும் எழுதி வைக்கவில்லை என்பது எனக்கு ஆறாத வருத்தம். உங்கள் ஊரில் அப்படிப்பட்ட பெரியவர் யாராவது இருந்தால் உட்கார வைத்துக் கேட்டு எழுதுங்கள். இந்தப் பகுதியிலேயே போடுகிறேன்.

பிரியாணிக்கு நன்றாக இருக்குமா?
(வாசகர், ஆற்காடு)

வேண்டாம். காரத்தோடு அந்த நுரையும் புளிப்பும் சேர்ந்தால் நாக்கு எரியும். பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ளும் கத்தரிக்காயிலேயே புளி இருக்கிறது, இரண்டு புளிப்பும் மல்லுக்கு நிற்கும். மக்கன் பேடாவும் கூடாது, இனிப்புக்குப் பக்கத்தில் கூஸ் இன்னும் கடுமையாகத் தெரியும். பிரஸ்ஸல்ஸ் பக்கம் ரொட்டியில் உப்பில்லாத இளம் பாலாடைக்கட்டியைத் தடவி, முள்ளங்கி வில்லைகளை மேலே வைத்து இதோடு சாப்பிடுகிறார்கள். நாம் பிசைந்த பனீரும், மெல்லிசாக அரிந்த வெள்ளை முள்ளங்கியும், ஒரு சிட்டிகை உப்பும் வைத்துக்கொள்ளலாம். அத்தனை பொருத்தம்.

செர்ரி போட்டது இனிப்பாக இருக்கிறதாமே, அதிலிருந்து ஆரம்பிக்கலாமா?
(வாசகி, காட்பாடி)

செர்ரி ஊறவைத்த லாம்பிக் 'கிரீக்'. அதில் இரண்டு வகை. இனிப்பு சேர்த்தது குளிர்பானம் மாதிரி போய்விடும், அதில் லாம்பிக்கைத் தேடிப் பிடிக்க வேண்டும். லேபிளில் 'அவுட கிரீக்' என்று இருந்தால் இனிப்பு சேர்க்காதது. ஆரம்பமே அதில் செய்யுங்கள்.

அல்சர் மாத்திரை சாப்பிடுகிறேன். ஒரு வாய் பார்க்கலாமா?
(வாசகர், வாலாஜாபேட்டை)

வேண்டாம். அமிலமும் ஆல்கஹாலும் ரெண்டுமே உங்களுக்கு ஆகாது. கிளாசை முகர்ந்து பாருங்கள், பாதி சந்தோஷம் அதிலேயே கிடைத்துவிடும்.

எத்தனை வருஷம் வைத்திருக்கலாம்?
(வாசகர், வாணியம்பாடி)

குளிர்ந்த இருட்டு நிலவறையில் நல்ல கூஸ் பத்து வருஷம்கூடத் தாங்கும். நம் வீடுகளில் நிலவறை ஏது? ஏப்ரல், மே வெயிலை ஒரு முறை பட்டாலே மணம் மட்டமாகிவிடும். பிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து, வாங்கின வருஷத்துக்குள் திறந்துவிடுங்கள். பரணில் மட்டும் போட்டுவிடாதீர்கள்.